ஆடி மாசம், சுங்கை சிப்புட், ஒரு கிரில் சாவி

நாள் 1 – ஜூலை 31, வியாழன்

காலையில 6 மணிக்கே கிளம்பிடணும்னு நேத்து ராத்திரி பெருசா பேசிட்டு படுத்தது, கிள்ளான்ல இருந்து வண்டி நகர்ந்தப்ப மணி 9.40. பாப்பாவோட ஒத்தக் கால் சப்பாத்து எங்க போச்சுன்னு தேடுறதுலயே முக்கால் மணி நேரம். மனைவிக்கு லீவு கிடைக்கல, அதனால நானும் மகளும் மட்டும்தான். மலேசியாவுல பேரா மாநிலத்து சுங்கை சிப்புட்தான் தாத்தா ஊரு, ஞாயித்துக்கிழமை அங்க தோட்டத்து மாரியம்மன் கோயில்ல தீமிதி. தாத்தா போனதுக்கு அப்புறம் நான் தீமிதிக்குப் போனதே இல்ல, 9 வருஷம் ஆச்சு. வேணும்னே போகாம இருந்தேன்னு சொல்ல முடியாது, ஆனா ஒவ்வொரு ஆடிக்கும் ஏதோ ஒரு சாக்கு தானா வந்து மாட்டிக்கும்.

தாத்தா முதல்ல எஸ்சி, அப்புறம் பட்டாளம், அதுக்கப்புறம் பொம்பா, அதாவது தீயணைப்புப் படை. எஸ்சின்னா இங்க ஸ்பெஷல் கான்ஸ்டபிள், கம்னிஸ் காலத்துல, அதாவது கம்யூனிஸ்டுங்க காட்டுல இருந்து சண்டை போட்ட காலத்துல, தோட்டத்துக்கு காவல் நிக்கிறதுக்கு எடுத்த ஆளுங்க. 1952ல பதினெட்டு வயசுல சேர்ந்தாரு. ரெண்டு வருஷம் கழிச்சு ஃபெடரேசன் ரெஜிமெண்ட், அதுதான் எல்லா இனத்துக்காரங்களும் சேரலாம்னு ஆரம்பிச்ச ரெஜிமெண்ட், அதுல லாரி ஓட்டினாரு. அந்த சண்டைக்காக போட்ட அவசரகாலம் முடிஞ்சது 1960 ஜூலை 31. இன்னிக்கு தேதிய பாருங்க, அதே நாள், ஹரி பஹ்லவான்னு, வீரர்கள் தினமா கொண்டாடுறாங்க. வண்டியில ஏறி சீட்பெல்ட் போடும்போதுதான் எனக்கே உறைச்சது, பிளான் எதுவும் பண்ணல.

தாத்தா இருந்திருந்தா வண்டிய ஒரு சுத்து சுத்தி வந்து டயர மிதிச்சு பார்த்து எண்ணெய் பார்த்து தண்ணி பார்த்து அப்புறம்தான் ஏற விட்டிருப்பாரு. நான் எதையும் பாக்கல, தாப்பா ஆர் அண்ட் ஆர்ல, அந்த ஹைவே ஓய்விடத்துல, நிறுத்தும்போது பின் டயர்ல காத்து கம்மி. சரி விடுங்க.

கோப்பெங் தாண்டினதும் சுண்ணாம்பு மலைங்க ரெண்டு பக்கமும் வர ஆரம்பிச்சிடும், அத பார்த்தாலே எனக்கு லீவு விட்ட மாதிரி இருக்கும், சின்ன வயசுல இருந்தே அப்படித்தான். ஈப்போ வடக்குல ஹைவேய விட்டு இறங்கி பழைய ரோட்டுல போனேன். பாப்பாவுக்கு மெனோரா சுரங்கத்துக்குள்ள போகணுமாம், அது இன்னும் மேல கோலகங்சார் போற வழின்னு சொன்னா அழுகை. ஒரு ஐஸ்கிரீம்ல முடிஞ்சது.

அத்தை வீட்டு வாசல்ல கார நிறுத்துறேன், அத்தை பின்கட்டுல துணி காயப் போட்டுட்டு இருந்தாங்க போல, குரல் மட்டும் வருது, “டேய் சாவி அங்கேயே இருக்கு, தொறந்துட்டு வா”ன்னு. எனக்கு முன்னாடி பாப்பா ஓடிப் போயி கிரில் கம்பிக்குள்ள கைய விட்டு, உள் சுவத்துல இருந்த ஆணியில இருந்து சாவிய எடுத்து, பூட்டையும் தொறந்துட்டா. இந்த வீட்டுக்கு அவ இப்பத்தான் நடக்கத் தெரிஞ்சு வர்றா. நான் வாசல்லயே நின்னுட்டேன். அந்த ஆணி அவ தோள் உயரத்துலதான் இருக்கு, அது தாத்தா அடிச்சது. அதே உயரத்துல, அதே கிரிலுக்குள்ள கைய விட்டு நானும் ஒரு காலத்துல எடுத்திருக்கேன். பின்கட்டு கிரில்லயும் அதே மாதிரி ஒரு ஆணி, ரூம் ஜன்னல் கிரில்லயும் ஒண்ணு. திருடன் கைய விட்டு எடுத்துட மாட்டானான்னு அக்கம்பக்கத்துல எல்லாரும் கேப்பாங்க. “திருடன் வந்தா டிவிதான் போகும்”னு தாத்தா சொல்லுவாரு. அதுக்கு மேல விளக்கம் கிடையாது.

ராத்திரி கொசுவோட இத டைப் பண்றேன்.

நாள் 2 – ஆகஸ்ட் 1, வெள்ளி

தோட்டத்துக்குப் போனோம். பேரு போடல, இப்ப அங்க இருக்கிற நாலு குடும்பத்துக்கு எதுக்கு தொந்தரவு. முன்னாடி எல்லாம் பால் மரம், அதான் ரப்பர், இப்ப முழுக்க செம்பனை, பாமாயில் எடுக்கிற பனை. பால் மரத்துக்கு அடியில வெயில் புள்ளி புள்ளியா விழும், செம்பனைக்கு அடியில அந்த அழகு வராது, இது என் கருத்து, செம்பனைக்காரங்க கோவிச்சுக்காதீங்க. லயங்கள்ல, தொழிலாளிங்க இருந்த வரிசை வீடுங்கள்ல, பாதிய இடிச்சாச்சு. காலையில பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புற பெரட்டுக் களம் இருந்த இடத்துல லாரி நிக்குது. கோயில் மட்டும் புது பெயிண்ட்ல பளபளன்னு.

சுங்கை சிப்புட்னா வெளியூர்க்காரங்களுக்கு ரெண்டு விஷயம் ஞாபகம் வரும். ஒண்ணு துன் சம்பந்தன், மஇகா தலைவரா, மந்திரியா இருந்தவரு. பத்து பத்து வெள்ளியா (எங்க ஊரு காசு, ரிங்கிட்) பால்வெட்டுக்காரங்க கட்டின காசுல 1960ல நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் ஆரம்பிச்சாரே, எங்க பாட்டியும் அதுல கட்டினவங்க. இன்னொண்ணு 1948 ஜூன் 16. அன்னிக்கு காலையில எல்பில் தோட்டத்து துரை ஆர்தர் வாக்கர அவரோட ஆபீஸ்லயே சுட்டாங்க, கொஞ்ச நேரத்துல இன்னொரு தோட்டத்துல ஜான் அலிசன், இயன் கிறிஸ்டியன்னு ரெண்டு பேர். ரெண்டே நாள்ல மலாயா முழுக்க அவசரகாலம். தாத்தாவுக்கு அப்ப 14 வயசு. அவங்க அப்பா ஜப்பான்காரன் காலத்துல சயாம் ரயில் பாதை போடப் போனவரு, திரும்பி வரல, அதனால வீட்டுல அம்மா மட்டும்தான் பால் வெட்டு.

கோயில் கிட்ட தாத்தாவோட கூட்டாளி ஒருத்தர் இருக்காரு, 90 நெருங்கப் போகுது, பல்லு இல்ல, ஞாபகம் மட்டும் கத்தி. என்னைப் பார்த்ததும் “நீ பொம்பாக்காரன் பேரன்தானே”ன்னாரு. “ஆமா தாத்தா”ன்னு கால்ல விழுந்தேன், பாப்பாவும் விழுந்தா, அவளுக்கு ரெண்டு வெள்ளி.

அவரு சொன்னது. லயத்தைச் சுத்தி முள்ளுக்கம்பி வேலி, சாயங்காலம் ஆனா கேட்ட பூட்டிடுவாங்க. காட்டுல இருக்கிறவனுக்கு சாப்பாடு போயிடக் கூடாதுன்னு காலையில பால் வெட்டப் போறவங்க சோத்துப் பானை கொண்டு போகக் கூடாது, கேட்டுல சோதனை. பொம்பளைங்கள பொம்பளைங்கதான் சோதிப்பாங்க, ஆனா வாளி, கூடை எல்லாம் எஸ்சி பாக்கணும். தாத்தா கேட்டுல நிக்கிறாரு, 303 ரைஃபிள் அவரு உயரத்துக்கு இருக்கு, வரிசையில அவங்க அம்மா. வாளிக்கு அடியில வாழை இலையில சுருட்டின சோறு. மகன் பார்த்துட்டான், எடுன்னு சொல்லிட்டான். அம்மா அந்த இடத்துலயே இலையப் பிரிச்சு உக்காந்து, மொத்த வரிசையையும் நிக்க வெச்சுட்டு, சோத்த முழுக்க சாப்பிட்டு முடிச்சு கைய அவன் சட்டையில தொடச்சுட்டு வெட்டுக்குப் போச்சாம்.

இந்த கதைய தாத்தா எங்ககிட்டயும் சொல்லியிருக்காரு, சிரிச்சுக்கிட்டே. ஆனா சட்டையில கை தொடச்சத மட்டும் சொன்னதே இல்ல.

அப்புறம் நான் ஆணி பத்திக் கேட்டேன், சும்மாதான் கேட்டேன். கிழவர் கொஞ்ச நேரம் வெத்தல மென்னாரு. அப்புறம், “53-லயோ 54-லயோ ராத்திரி லயத்துல தீ பிடிச்சது, யாரோ மண்ணெண்ணெ விளக்க தட்டி விட்டுட்டாங்க, ஆத்துத் தண்ணி வேலிக்கு அந்தப் பக்கம், கேட்டு பூட்டி கிடக்கு, சாவி சார்ஜன் கிட்ட, சார்ஜன் மேல பங்களாவுல. உங்க தாத்தா கேட்டுல நிக்கிறான். கையில துப்பாக்கி இருக்கு, சாவி இல்ல. கடைசியில கோடாலியால கம்பிய வெட்டித்தான் தண்ணிக்குப் போனோம்”னாரு. ஆள் சேதம் இல்லையாம், ஆனா வரிசையா பத்து பன்னெண்டு வீடு போச்சு, கட்டியிருந்த ஆடுங்க போச்சு. “அன்னையில இருந்துதான் அவனுக்கு சாவிப் பைத்தியம்”னு முடிச்சுட்டாரு.

அதனாலதான் பொம்பாவுல சேர்ந்தாரோன்னு கேட்டேன். “சம்பளம் நல்லா இருந்துச்சுப்பா”ன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு.

நாள் 3 – ஆகஸ்ட் 2, சனி

இன்னிக்கு ஈப்போ, பத்து காஜா. பத்து காஜாவுல காட்ஸ் லிட்டில் ஏக்கர்னு ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கு, சர்ச்சுக்குப் பக்கத்துல, அவசரகாலத்துல செத்த துரைமாருங்க, சோல்ஜருங்க, போலீஸ்காரங்க அங்கதான். நான் மேல சொன்ன மூணு பேரும் அங்கதான் கிடக்குறாங்க. ஒவ்வொரு ஜூன்லயும் அஞ்சலி நடக்கும். தாத்தா ரெண்டு மூணு தடவை அந்த பழைய மெடலக் குத்திட்டு போயிருக்காரு, ஊதா ரிப்பன் நடுவுல பச்சைக் கோடு, மேல மலாயான்னு பட்டி. வீட்டுல அது பிஸ்கட் டின்னுலதான் கிடக்கும், அந்த ஒரு நாளைக்கு மட்டும் பிராசோ போட்டு தேய்ப்பாரு.

புல் நல்லா வெட்டியிருக்கு, அமைதியா இருக்கு, பாப்பா பேர்களை எழுத்துக் கூட்டிப் படிச்சுட்டு வந்தா. எனக்கு ஒண்ணு உறுத்துச்சு, எழுதிடறேன். இந்தப் பக்கம் நின்ன தமிழனும் உண்டு, அந்தப் பக்கம் நின்ன தமிழனும் உண்டு. தொழிற்சங்கத் தலைவர் கணபதிய 1949 மே 4 அன்னிக்கு புடு ஜெயில்ல தூக்குல போட்டாங்க, அதுக்கு முந்தின நாள்தான் இன்னொரு தொழிற்சங்கத் தலைவர் வீரசேனன சுட்டாங்க. தாத்தா கணபதி பேரச் சொல்லும்போது குரல தாழ்த்திக்குவாரு, யூனிஃபார்ம் போட்ட ஆளு, அப்பவும். எங்க குடும்பத்துல கல்யாணம் காதுகுத்துன்னு கூடினா யாராவது ஒருத்தர் “நம்ம தாத்தா கம்னிஸ்ட்ட சுட்ட வீரரு”ன்னு ஆரம்பிப்பாங்க. அவரு சுட்டாரா இல்லையான்னு யாருக்கும் தெரியாது, அவரு சொல்லல. லாரிதான் ஓட்டினேன்னு சொன்னாரு. அதையே வெச்சுக்கலாமே, லாரி ஓட்டுறது என்ன குறைச்சலா.

மதியம் ஈப்போவுல தாத்தாவோட பொம்பா கூட்டாளி வீடு. மலாய்க்கார பாக்சிக் (மாமான்னு கூப்பிடுற மாதிரி), சின்ன வயசுல ரயில்வே குவார்ட்டர்ஸ்ல தமிழ்ப் பசங்களோட வளர்ந்தவரு, என்னை விட நல்லா தமிழ் பேசுவாரு. “வா தம்பி, சாப்டியா”ன்னுதான் ஆரம்பமே. ரெண்டு பேரும் பல வருஷம் ஒரே பம்ப் வண்டி. தாத்தா டிரைவர், பம்ப்ப பாத்துக்கிறதும் அவருதான், இவரு முன்னாடி பைப் பிடிக்கிற ஆளு. “தண்ணி வர்றது உங்க தாத்தா கையில, நான் உசிரோட இருக்கறதும் அவன் கையில”ன்னாரு.

அவரு சொன்னதுல பெருசு புகைவீட்டுத் தீ. தெரியாதவங்களுக்கு, ரப்பர் பாலை உறைய வெச்சு ஷீட்டா உருட்டி, ஒரு கொட்டாயில கம்புல தொங்கப் போட்டு, கீழ விறகு மூட்டி நாள் கணக்குல புகை போட்டு காய வெப்பாங்க. ஒரு ஷீட் அறுந்து நெருப்புல விழுந்தா போதும், கதை முடிஞ்சது. ரப்பர் உருகி சொட்டும், சொட்டுன இடத்துல ஒட்டிக்கிட்டு எரியும், தோல்ல பட்டா பிய்க்க முடியாது, புகை தார் மாதிரி. தண்ணி அடிச்சா மேல அணைஞ்ச மாதிரி இருக்கும், அடியில புகைஞ்சுக்கிட்டே கிடந்து மறுபடி பிடிக்கும். வண்டியில இருக்கிற டேங்க் தண்ணி சில நிமிஷத்துல காலி, தோட்டத்துல ஹைட்ரன்ட் எங்க இருக்கு, பக்கத்து ஓடையில உறிஞ்சு குழாயப் போட்டு விடிய விடிய பம்ப் பண்ணணும். தாத்தாவோட இடது முழங்கையில ஒரு வழுவழுன்னு தழும்பு இருக்கும், நான் குழந்தையா இருக்கும்போது அத தடவிக்கிட்டேதான் தூங்குவேன். அது எதனாலன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சது.

1976 பத்தியும் பேசினாரு. அந்த வருஷம்தான் மாநிலத்துக்கு ஒண்ணா இருந்த தீயணைப்பு எல்லாம் மத்திய அரசுக்குக் கீழ ஒண்ணாச்சு, அதே வருஷம் ஏப்ரல் 8ல கோலாலம்பூர் கேம்பல் காம்ப்ளெக்ஸ் எரிஞ்சது. இவங்க ரெண்டு பேரும் பேராவுல இருந்ததால போகல, பேப்பர்ல போட்டோ பார்த்துட்டு தாத்தா “கட்டடம் வளருது, நம்ம ஏணி வளரலியேடா”ன்னாராம்.

ஆணி பத்தி இவருகிட்டயும் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்னவோ. 80-கள்ல ஒரு தாமான் வீடு, அதாவது குடியிருப்புப் பகுதி வீடு. அப்பா அம்மா வேலைக்குப் போயிட்டாங்க, ரெண்டு பிள்ளைங்க உள்ள, கிரில் பூட்டியிருக்கு. சாவி ஐஸ்பெட்டி மேல. பிள்ளைங்க நாற்காலிய இழுத்துட்டு வந்திருக்காங்க. நாற்காலி ஐஸ்பெட்டி வரைக்கும் வரல. “உங்க தாத்தா பம்ப்ப விட்டுட்டு வந்து கிரில்ல அறுத்தான். டிரைவர் பம்ப்ப விடக் கூடாது, ரூல். அவன் விட்டான்.” அதோட பாக்சிக் நிறுத்திட்டு பாப்பாவுக்கு குய், மலாய் பலகாரம், எடுத்துக் குடுத்தாரு. நான் மேல கேக்கல.

திரும்பும்போது புந்தோங்ல கச்சாங் பூத்தே வாங்கினோம், முறுக்கு ரெண்டு பாக்கெட், ஓமப்பொடி ஒண்ணு. பாப்பா வர்ற வழியெல்லாம் தின்னுட்டே வந்தா, எனக்கு ஒண்ணும் எறங்கல.

ராத்திரி அத்தைகிட்ட ரெண்டு கதையையும் சொன்னேன், இதுல எது நெஜம்னு. அத்தை வெங்காயம் உரிச்சுக்கிட்டே, “அடப் போடா, எங்கப்பாவுக்கு சாவிய வெச்ச இடம் ஞாபகம் இருக்காது, நாலு தடவை பூட்ட ஒடச்சிருக்காரு, அம்மா திட்டித் திட்டி ஆணி அடிக்க வெச்சாங்க”ன்னாங்க. சரி அப்ப ஏன் அவ்வளவு கீழன்னேன். அத்தைகிட்ட அதுக்கு பதில் இல்ல. வெங்காயம்தான்னு சொல்லி முந்தானையில கண்ணத் தொடச்சுக்கிட்டாங்க.

நாள் 4 – ஆகஸ்ட் 3, ஞாயிறு, ஆடி 18

காலையில 5 மணிக்கே கோயில். தீக்குழி ஒரு இருபது அடி நீளம் இருக்கும், முடியற இடத்துல பால் குழி. பழைய பால் மரக் கட்டைங்க எங்கிருந்தோ லாரியில வந்து இறங்கியிருக்கு.

தாத்தா ரிட்டையர் ஆனது 1989, 55 வயசு. அதுக்கு முன்னாடியும் பின்னாடியும், காலு நல்லா இருந்த வரைக்கும் ஒவ்வொரு ஆடியும் இந்தக் குழி அவரோட டிப்பார்ட்மெண்ட். வருஷம் பூரா நெருப்ப அணைக்கிற ஆளு இந்த ஒரு நாளைக்கு மட்டும் நெருப்ப வளர்ப்பாரு, அதையும் டூட்டி மாதிரிதான் செய்வாரு. ஒவ்வொரு கட்டையையும் தடவிப் பார்ப்பாரு, ஆணி, கம்பி, ரப்பர் பால் பிடிக்கிற மங்கு கட்டின வயர் எதுவும் ஒட்டியிருக்கான்னு. குழியச் சுத்தி ஆறடிக்கு தரைய நனைப்பாரு. காத்து எந்தப் பக்கம்னு பார்த்து ஜனங்கள எதிர்ப்பக்கம் நிக்க வெப்பாரு. கரகம் வர்றதுக்கு முன்னாடி தணல சமமா இழுத்து விட்டு, கட்டியா கிடக்கிறத ஒவ்வொண்ணா ஒதுக்கி எடுப்பாரு, பாட்டி அரிசியில கல்லு பொறுக்குற மாதிரி. பொம்பாவுல கழிச்சுக் கட்டின ஒரு கான்வாஸ் ஓஸ் வெச்சிருந்தாரு, தீமிதி முடிஞ்சு அத ரெண்டு நாள் மரத்துல தொங்கப் போட்டு காய வெப்பாரு. ஈரத்தோட சுருட்டினா மக்கிடும், அதனாலதான் பழைய பொம்பா ஸ்டேசன்ல அவ்வளவு உயர கோபுரம் கட்டி வெச்சிருக்காங்கன்னு எனக்கு சொல்லிக் குடுத்தது அந்த மரத்தடியிலதான்.

ஆனா அவரு ஒரு தடவைகூட தீ மிதிச்சதில்ல. பூசாரி கேப்பாரு, பாட்டி கேப்பாங்க, காப்பு கட்டிக்கோங்கன்னு. “எல்லாரும் இறங்கிட்டா பைப்ப யாரு பிடிக்கிறது”ன்னுடுவாரு.

இன்னிக்கு குழிய பாத்துக்கிட்டது சின்னப் பசங்க, நல்லாத்தான் செஞ்சாங்க, ஒரு இடத்தைத் தவிர. விறகு ஈரம், சரியா பிடிக்கல, ஒருத்தன் பெட்ரோல் தோம்பு தூக்கிட்டு வர்றான். எனக்கு வாய் வரல. வெள்ளிக்கிழமை பார்த்த அந்தக் கிழவர் நாற்காலியில உக்காந்த இடத்துல இருந்தே போட்டாரு பாருங்க ஒரு சத்தம், வார்த்தைங்கள எழுத முடியாது, பையன் தோம்ப அப்படியே வெச்சுட்டு ஓடிட்டான். கிழவர் என்னைப் பார்த்து, “உன் தாத்தன் இருந்தா அடிச்சிருப்பான், நீ வேடிக்கை பாக்குற”ன்னாரு. நியாயம்தான். எழுந்து போயி தோம்ப எடுத்து கார்ப் பார்க் தாண்டி கொண்டு போயி வெச்சேன். அப்புறம் சும்மா நிக்க கூச்சமா இருந்துச்சு, குழாயத் திறந்து குழியச் சுத்தி தண்ணி விட ஆரம்பிச்சேன், யாரும் கேக்கல, நானும் யாருகிட்டயும் சொல்லல. பாப்பா கூடவே வந்து ஓஸ் மடிஞ்சிடாம பிடிச்சுக்கிட்டா, பாதி தண்ணி அவ கவுன்லதான்.

கரகம் வந்துச்சு, உடுக்கை, பறை, மஞ்சத் தண்ணி, முப்பது நாப்பது பேர் இறங்கினாங்க. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. அத்தை மகனும் இறங்கினான், பால் குழியில நின்னுக்கிட்டு என்னைப் பார்த்து சிரிச்சான். நான் பைப்ப பிடிச்சுக்கிட்டு இருந்தேன்.

நாள் 5 – ஆகஸ்ட் 4, திங்கள்

கிளம்புறதுக்கு முன்னாடி டவுன்ல ஒரு சீனர் ஹார்ட்வேர் கடையில ரெண்டு இன்ச் ஆணி கேட்டேன். ஒண்ணு ரெண்டு விக்க மாட்டேன், அரை கிலோ எடுத்துக்கோன்னுட்டாரு தவுக்கே, கடை முதலாளி. அரை கிலோ ஆணியோட கிள்ளான் வந்து சேர்ந்தோம், வழியில பாப்பாவுக்கு 994 சொல்லிக் குடுத்தேன், அது தாத்தா எனக்கு சொல்லிக் குடுத்த பொம்பா நம்பர், அப்புறம்தான் இப்ப எல்லாம் 999 ஆயிடுச்சேன்னு ஞாபகம் வந்து அத மாத்திச் சொல்லி, அவ ரெண்டையும் குழப்பிக்கிட்டு, தஞ்சோங் மாலிம் வரைக்கும் அதே பாட்டு.

எங்க அப்பார்ட்மெண்ட் கிரில் சாவி எங்க இருக்குன்னு பார்த்தேன். ஐஸ்பெட்டி மேல, பழைய பில்லுங்களுக்கு அடியில.

பாப்பாவ சுவத்தோரம் நிக்க வெச்சு தோள்கிட்ட பென்சில்ல கோடு போட்டேன். அவ ஒத்துக்கல, நான் வளர்ந்துட்டேன் இன்னும் மேல போடுங்கன்றா. பேரம் பேசி ஒரு சாண் மேல வெச்சு அடிச்சேன், சுவரு கான்கிரீட், மூணு ஆணி வளைஞ்சது, கீழ் வீட்டுக்காரரு கதவத் தட்டிட்டாரு. நாளைக்கு ஆபீஸ்ல ஒருத்தர்கிட்ட டிரில் இருக்கு, வாங்கிட்டு வரணும். அதுவரைக்கும் சாவி பாப்பாவோட ஸ்கூல் பேக் ஜிப்ல தொங்குது.